கழுத்தின் இடது பக்கம்

வேதமாணிக்கம் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செத்துப்போன ஒருவனின் கழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி அளவு அட்டைச் சட்டத்துக்குள் ஒரு பிலிம் துண்டு, ஸ்லைடு. ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, மறு கையில் அந்தக் கழுத்து. "பிளாஸ்க்கை நல்லா அலசிட்டு வெந்நி வாங்குங்க, நேத்து பால் வாடை அடிச்சுது" என்றாள், திறந்திருந்த கண்ணை எடுக்காமலே. வெந்நீரோடு அவர் மாடியேறி வந்தபோது ஸ்லைடு போர்வைமேல் கிடந்தது, மூடியிருந்த கண்ணும் திறந்திருந்தது. மடியில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட தாள்கள், மேல் தாளில் கடைசிக் கேஸின் கடைசி வரி. முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை ரத்னாவதி. ஆஸ்பத்திரி ஆயா வந்து கண்ணை மூடிவிடும்வரை அவர் பிளாஸ்க்கைக் கீழே வைக்கவில்லை. உள்கண்ணாடி விரிந்த பழைய பிளாஸ்க், சூடு தகரத்தின் வழியாகக் கையில் ஏறிக்கொண்டே இருந்தது, அதை விட்டால் வேறு எதுவும் ஏறவில்லை.

சதக் என்று அரிவாள் இறங்கியது. இளநீரின் தலை ஒரு சில்லாகப் பறந்து வண்டிச் சக்கரத்தில் பட்டு விழுந்தது. "அண்ணாச்சி, உங்களுக்குத் தண்ணிக் காயா, வழுக்கையா?" என்று கேட்டாள் வண்டிக்காரி முப்பிடாதி. அவர் பதில் சொல்லுமுன் பக்கத்தில் நின்ற டாக்டர் கோதண்டபாணி தன் தலையைத் தடவிக் காட்டி, "எனக்கு வழுக்கை வேண்டாம்மா, மேலயே இருக்கு" என்றார். அவள் சிரித்தாள். வேதமாணிக்கத்துக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வந்த சிரிப்பை, வாய்க்குள் வந்த ஈயைப் போல, நாக்கால் தள்ளினார். ரத்னா போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த ஆளுக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். இருந்தவரை ரத்னாவும் சிரிப்பாள், 'எங்க எச்.ஓ.டி. ஒரு ஜோக் சொன்னாருங்க' என்று ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து. இப்போது மேலே, டாக்டர்கள் சங்கக் கட்டடத்தின் மாடியில், தடயவியல் மருத்துவ இதழின் குழு டாக்டர்கள், இவர் புகாரையும் அந்த ஆளின் பதிலையும் வைத்துக்கொண்டு கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். இதழாசிரியர் டாக்டர் சலீமாதான் இரண்டு பேரையும் கீழே அனுப்பினாள். "புழுக்கமா இருக்கு சார், மரத்தடியில நில்லுங்க, கூப்பிடுறோம்" என்றாள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர்களிடம் சொல்வதுபோல. திருடினவனையும் திருட்டுக் கொடுத்தவனையும் ஒரே மரத்தடிக்கு அனுப்பலாமா என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. அல்லது இரண்டு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவர் காலேஜில் ஆங்கிலம் நடத்தியவர், மற்றவர் டீனாக இருந்து ஓய்வு பெற்றவர், என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். கோதண்டபாணி ஸ்ட்ரா வேண்டாம் என்று காயை வாங்கி அண்ணாந்து குடித்தார். தண்ணீர் வாயோரம் வழிந்து கழுத்தில் இறங்கியது. நன்கு போஷிக்கப்பட்ட ஆண் உடல், என்றது வேதமாணிக்கத்தின் மண்டைக்குள் ரத்னாவின் குரல். வயது சுமார் எழுபது. கழுத்தில் மூன்று மடிப்பு. இரண்டாவது மடிப்புக்குக் கீழே.

அவள் மடியில் இருந்த தாள்கள் ஒரு கட்டுரை, அதை அவள் ஆங்கிலத்தில்தான் எழுதினாள். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு காயத்தையும் அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டிவிடுவாள். குழம்புக்குக் காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள். தாடைக் கோணத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி முன்பக்கமாக இறங்கும் வெட்டு, ஓரங்கள் சுத்தமாக, எலும்பில் ஒரு கீறல். இந்தச் சீமையில் அரிவாளால் செத்தவர்கள் எல்லோரும் பிணம் அறுக்கும் டாக்டரான அவள் மேஜைக்கு வந்துதான் போவார்கள். வரப்புத் தகராறில் ஒருவன், கொழுந்தியாளைப் பார்த்தான் என்று ஒருவன், ஆள் மாறிப்போய் ஒருவன். விரல்கள் தனியாகப் பொட்டலத்தில் வந்த ஒருவன். கையால் தடுத்திருக்கான் பாவம், என்பாள், கத்திரிக்காயின் காம்பைக் கிள்ளியபடி. முதல் வருஷம் அவரால் சாப்பிட முடியவில்லை. அப்புறம் பழகிவிட்டது, பழகியது மட்டுமல்ல, பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவனின் பிடரியைப் பார்த்தால் எந்த இடத்தில் எது போகும் என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டது. 'வெட்டுனவனுக்கு ரொம்பக் கோபம் போல' என்று ஒருமுறை சொன்னார். 'காயத்துல கோபமெல்லாம் தெரியாதுங்க, ஆழம்தான் தெரியும்' என்றாள். அந்த ஆழங்களையெல்லாம் அவள் சேர்த்து வைத்தாள். அரிவாள் எந்தப் பக்கம் இறங்கியது, எதிரே நின்று வெட்டினானா, பின்னால் வந்து வெட்டினானா, காயமே அதைச் சொல்லும் என்பதுதான் கட்டுரை. அவள் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேதமாணிக்கம் அந்தத் தாள்களைக் கொண்டுபோய்த் துறைத் தலைவர் கோதண்டபாணியின் மேஜையில் வைத்தார். துறைத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து எந்தக் கட்டுரையும் வெளியே போகாது, அதுதான் வழக்கம். 'இது என் பொறுப்பு சார்' என்று சொல்லி அந்த ஆள் எழுந்து நின்று தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அதைத்தான் வெட்ட வேண்டும், அந்தக் கையை, மணிக்கட்டுக்கு மேலே, எலும்பு இரண்டாக இருக்கும் இடத்தில். ஒரு வருஷம் கழித்து கடைத்தெருவில் பார்த்துக் கேட்டபோது, 'தரம் போதாதுன்னு திருப்பிட்டாங்க சார், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்' என்றார். தரம் போதாது. அதை நம்பிக்கொண்டு எத்தனை காலம். அவள் போட்டோவுக்குப் பூ மாற்றும்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தை. பாவம், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அவ்வளவுதான் போல என்று மனசுக்குள் அவளைக் கொஞ்சம் சின்னவளாக்கி, அந்தச் சின்னவள்மேல் இரக்கப்பட்டு. செத்தவளைத் திரும்ப ஒருமுறை வெட்டியது அதுதான். அதற்கு எந்தப் பிரேதப் பரிசோதனையும் கிடையாது.

"சார், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார் கோதண்டபாணி, வாயைத் துடைத்துக்கொண்டு. "ரத்னா எனக்குத் தங்கச்சி மாதிரி. நான் சொல்லச் சொல்ல அது எழுதிச்சு. கையெழுத்து அதோடதா இருக்கலாம், விஷயம் என்னோடது. பாதிக்கு மேல நான் அறுத்த பாடி சார் அது." இதைத்தான் மேலேயும் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்வார் என்று சலீமா முன்பே எச்சரித்திருந்தாள். பழைய இதழ்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம், கட்டுரைச் சுருக்கங்களின் ஆங்கிலத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்று முதலில் அவள் கேட்டபோது பொழுது போகட்டும் என்றுதான் வேதமாணிக்கம் ஒப்புக்கொண்டார். ஒரு மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள், திரையில் ரத்னாவின் வாக்கியம் ஒன்று வந்து நின்றது. காற்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் அவள் வைக்காமல் விடுவாளே, அந்த மூச்சுத் திணறலோடு. அடுத்ததும் அவள்தான். அதற்கடுத்ததும். பக்கம் பக்கமாக அவளே பேசிக்கொண்டு போனாள், தலைப்புக்குக் கீழே கோதண்டபாணி, எம்.டி. என்று மட்டும் போட்டிருந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து தலையைக் காட்டிக்கொண்டு நின்றார். சலீமா அந்தக் கட்டுரையை நகல் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். சுத்தம் என்று வந்தது. எங்கேயும் அச்சாகாத ஒன்றிலிருந்து எடுத்தால் அந்த யந்திரத்துக்கு அது திருட்டில்லை. செத்தவள் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனதை அது எங்கே போய்த் தேடும். "ஒரு பேப்பருக்குப் போயி இந்த வயசுல ஏன் சார் அலைஞ்சுகிட்டு" என்றார் கோதண்டபாணி. "யாரு படிக்கிறா இதையெல்லாம்? நான் ஒண்ணு சொல்றேன். திருத்தம்னு நாலு வரி போடச் சொல்றேன். ரத்னா பேரையும் சேர்த்துருவாங்க, ரெண்டாவது பேரா. பேர் பாட்டுக்கு நிக்கும். பேப்பரும் நிக்கும். ரெண்டு பேருக்கும் மரியாதை." முப்பிடாதி அடுத்த காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். சதக்.

ரெண்டாவது பேர். நாக்கில் வைத்துப் பார்த்தார், இனித்தது, அதுதான் கேவலம். ரத்னாவதி என்று அச்சில். பேரன் பேத்தி இல்லை, பிள்ளையே இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் அவரை விட்டால் ஆளில்லை, அவரும் எத்தனை காலத்துக்கு. இணையத்தில் எங்கேயோ ஒரு மூலையில், கொரியாவிலோ பெருவிலோ ஒருவன் கழுத்து வெட்டைப் பற்றித் தேடும்போது கோதண்டபாணி மற்றும் ரத்னாவதி. மற்றும். தாலி கட்டினவன் பெயரைக்கூடத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளாதவள். வேண்டாம் என்றால் காட்டக் கையில் என்ன இருக்கிறது? சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஸ்லைடு இருந்தது. திரையில் அவளைப் பார்த்த அந்த வாரமே பீரோவிலிருந்து அதை எடுத்து, கடைசிக் கேஸைக் கட்டுரையோடு வைத்துப் பார்த்தார், ஏன் பார்த்தோம் என்று இப்போது தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு சுமைதூக்கி. கட்டுரையின் வரி, வெட்டு கழுத்தின் இடது பக்கம், வெட்டியவன் எதிரே நின்றிருக்கிறான் என்கிறது. அதே கட்டுரையில் அந்த வரிக்குக் கீழே கோதண்டபாணி அச்சிட்டிருக்கும் படம், துறையின் நெகட்டிவிலிருந்து எடுத்தது, வெட்டை வலது பக்கம் காட்டுகிறது. அவன் பின்னாலிருந்து வெட்டுப்பட்டவன். வரி ஒன்று சொல்கிறது, படம் ஒன்று சொல்கிறது, அச்சான நாளிலிருந்து ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஸ்லைடில் எது முன்பக்கம் என்று தெரிய ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார்கள், புள்ளி கட்டை விரலடியில் வரும்படி பிடித்தால் படம் நேராகத் தெரியும். இந்த ஸ்லைடில் புள்ளி தப்பான பக்கத்தில் இருந்தது. அவள் வைத்த புள்ளி. மருந்து ஏறும் கையை அசைக்க முடியாமல், மற்றக் கையால், அந்தப் புள்ளியை நம்பி, ஜன்னலுக்கு நேரே தூக்கி, திருப்பிப் பிடித்திருக்கிறாள். பிலிமைத் திருப்பினால் வலது இடதாகிவிடும். அவர் வெந்நீர் வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் எழுதிய கடைசி வரி, முற்றுப்புள்ளியோடு, தப்பு.

மேலே போய் இதைத்தான் சொல்ல வேண்டும். நான் அறுத்த பாடி என்கிறாரே இவர், அறுத்த கைக்கு இடது வலது தெரியாதா, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி எழுதுவாரா, இது படுக்கையில் கிடந்த ஒருத்தி ஸ்லைடைத் திருப்பிப் பிடித்ததால் வந்த தப்பு, அவள் தப்பையும் சேர்த்து எடுத்திருக்கிறார் என்று. சொன்னால் தீர்ந்தது, சலீமாவுக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அவள் தப்பு என்ற சொல்லை இந்த வாய் சொல்ல வேண்டும், அவள் தொழில்காரர்களான டாக்டர்கள் முன்னால், அவளைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள். கோர்ட்டில் ஒரு வக்கீல் அவளை மடக்கப் பார்த்து, இடதா வலதா, திட்டமாகச் சொல்லுங்கள் என்று அதட்டினானாம். 'பிணத்தோட இடது. உங்க இடது இல்ல' என்றாளாம் கூண்டில் நின்று. நீதிபதியே குனிந்து சிரித்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவளுக்குப் போய் இடதும் வலதும் மாறியது என்று. தரம் போதாது என்று அந்த ஆள் சொன்ன பொய்யை நான் போய் மெய்யாக்கவா? வெயில் கிளையிடுக்கில் இறங்கி வண்டிமேல் விழுந்தது. முப்பிடாதி சில்லறைக்காக முந்தியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அரிவாளைக் காய்க்குவியலின்மேல் கொத்தி வைத்திருந்தாள், பிடி இவர் பக்கமாக. நல்ல அரிவாள். கழுத்து வளைந்து, மூக்கு இறங்கி, இளநீர்ச் சாறு கறுத்துப்போய் அலகு மட்டும் வெள்ளையாக. கோதண்டபாணி இப்போது இவரைப் பார்த்துத் திரும்பி நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், சங்கத்தில் தனக்கு இருக்கும் செல்வாக்கு, சலீமா தன்னிடம் படித்தவள். வாய் அசைவது தெரிந்தது. எதிரெதிரே நிற்கிறோம் என்று வேதமாணிக்கம் நினைத்தார். எனக்கு வலது கைப் பழக்கம். இங்கிருந்து ஓங்கினால் தாடைக் கோணத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி முன்பக்கமாக, இரண்டாவது மடிப்பைத் தாண்டி, பெரிய ரத்தக்குழாய் அறும், அது அறுந்தால் வண்டியும் காயும் முப்பிடாதியின் சேலையும் எல்லாம் நனையும், ஆள் உட்காருவான், ஆச்சரியப்பட்ட முகத்தோடு உட்காருவான், எல்லோருக்கும் ஆச்சரியம்தான் முகத்தில் இருக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். எந்தப் பக்கம்? இடது. கழுத்தின் இடது பக்கம், வெட்டியவன் எதிரே நின்றிருக்கிறான். வரி சரியாகிவிடும். அவள் எழுதிய வரிக்கு இந்த ஒரு கழுத்து போதும், ஒரு எழுத்து மாற்றாமல் அது மெய்யாகிவிடும், படத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அவள் தோற்க மாட்டாள். கை அரிவாளுக்குப் போய்விட்டிருந்தது. பிடி மழமழவென்று, வியர்வையில் ஊறி, இன்னொருவர் கையின் சூட்டோடு இருந்தது. பிளாஸ்க்கின் சூடு. அந்தச் சூட்டை இந்தக் கை முன்பே ஒருமுறை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"அண்ணாச்சி, அதைத் தொடாதீங்க" என்றாள் முப்பிடாதி, சில்லறையை எண்ணியபடியே, நிமிராமல். "நேத்துதான் சாணை புடிச்சது. தெரியாதவுக கையில எடுத்தா அது மொதல்ல அவுகளத்தான் பாக்கும்." கோதண்டபாணி சிரித்து, "சார் வாத்தியாரும்மா, சாக்பீஸ்தான் புடிப்பாரு" என்றார். சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்த ஒரு அடியை வேதமாணிக்கம் பார்த்தார். வாய் சிரித்தது, கால் நகர்ந்தது. காலுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் நகர்ந்த தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்ட அந்த ஆளின் கழுத்து திடீரென்று வெறும் கிழட்டுக் கழுத்தாக, சவரம் தப்பிய வெள்ளை மயிர் இரண்டோடு தெரிந்தது. இதை வெட்டினால் யார் அறுப்பார்கள் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து சிக்கிக்கொண்டது. ரத்னாவின் மேஜையில் இப்போது எவனோ ஒரு சின்னப் பையன் டாக்டர். அவன் எழுதுவான், ஆழம் எழுதுவான், பக்கம் எழுதுவான், அவள் இருந்தால் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'வேணும்னே ஒரு காயத்தை உண்டாக்கி என் வரியைச் சரி பண்ணுவீங்களோ' என்பாள். 'வாத்தியாரே, விடை தப்புன்னா கேள்வியைத் திருத்துவீங்களா' என்பாள். அந்தச் சுமைதூக்கி ஒருவன் இருந்தானே. டீ குடித்துக்கொண்டிருந்தவன், யார் வந்தது என்று திரும்பிப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காதவன். எதிரே நின்று சண்டை போட்டுச் செத்தான் என்று அவன் கணக்கில் அச்சிலேயே எழுதி வைத்திருக்கிறது. அவள் எழுதியது, இந்த ஆள் எடுத்தது, நான் பார்த்துவிட்டும் பேசாமல் இருந்தால் நானும் சேர்ந்து வைத்தது. அவனுக்கு வலது பக்கம். பிணத்தின் வலது, நம் வலது இல்லை. அவர் பிடியிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் உடனே பிரியவில்லை, ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"சார்" என்று மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சலீமா குரல் கொடுத்தாள். "கரண்ட் வந்துருச்சு, வாங்க." கோதண்டபாணி படியில் ஒதுங்கி, "நீங்க முன்னால போங்க சார்" என்றார். "இல்ல, நீங்க போங்க" என்றார் வேதமாணிக்கம். அந்த ஆளுக்கு முதுகைக் காட்ட அவருக்கு இஷ்டமில்லை, முதுகுக்குப் பின்னால் ஏறவும் பயமாக இருந்தது. கடைசியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், தோள் உரசிக்கொண்டு, அந்தக் குறுகின படியில் ஏறினார்கள். உள்ளே மின்விசிறியில் தாள்கள் படபடத்தன. சலீமா அவற்றின்மேல் கண்ணாடிக் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்து, "திருத்தம் போட்டு மேடம் பேரைச் சேர்த்தா உங்களுக்குச் சம்மதம்னு டீன் சார் சொல்றாங்களே, அப்படியா?" என்றாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அதில் நரைத்த ஒருவர் ரத்னாவோடு படித்தவர். சாவு வீட்டுக்கு வந்திருந்தார். "இல்லம்மா" என்றார் வேதமாணிக்கம். சட்டைப் பையிலிருந்து ஸ்லைடை எடுத்து, அவள் பிடித்ததுபோலவே புள்ளி கட்டை விரலடியில் வரும்படி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். தானறியாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "என் மனைவி இந்த இடத்துல ஒரு தப்புப் பண்ணிட்டா" என்று தொடங்கினார்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற எதையும் அழிப்பதில்லை என்பது இதழின் விதி. யாரும் பின்னால் வந்து இப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்று சலீமா விளக்கினாள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பு எழுத்தில் திரும்பப் பெறப்பட்டது என்று இருக்கிறது. தலைப்புக்குக் கீழே கோதண்டபாணியின் பெயர் இருக்கிறது. அறிவிப்பில் வேறொருவரின் வெளிவராத எழுத்து என்று இருக்கிறது, அச்சேறாத ஒன்றைப் பெயரிட்டுக் காட்ட அவர்கள் விதியில் இடமில்லை. சிவப்பு எழுத்து மெல்லியதுதான், அதன் பின்னால் இருக்கும் வரிகளைப் படிக்க முடிகிறது. கடைசிக் கேஸில் வெட்டு கழுத்தின் இடது பக்கம் இருக்கிறது.